மாடிக்குக் காது கேட்காத ஆள் தேவை

வேலை தேடுகிறவனுக்கு ஒரு வாசலில் ஒருமுறைதான் இல்லை என்பார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வேலை தேடித் தருகிற என்னைப் போன்றவனுக்கு அதே வாசலில் மாதாமாதம் சொல்வார்கள். வாசலில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும்.

வலிய வந்த வேலை

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. முதலாளியே போன் செய்து, மாடி குடோனில் சேலை மடித்து அடுக்க ஆள் கேட்டார். பார்வை குறைந்த ஒருவனைச் சொன்னேன். வேண்டாமாம். காது கேட்காதவனாகத்தான் வேண்டுமாம். இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. ஏன் என்றேன்.

"காது கேக்குறவன் ஒருத்தனும் அங்கன நிக்க மாட்டேங்குறான்ணே. என்னமோ ஒண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிடுதுங்கிறாய்ங்க."

ரபீக்கின் அம்மா

ரபீக்குக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஏற்கெனவே இரண்டு கடைகளில் சேர்த்துவிட்டிருந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. திமிர் பிடித்தவன் என்று அனுப்பிவிட்டார்கள். குடோன் சங்கதியை அவனிடம் சைகையில் சொன்னேன். காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா இனி வெளிய அனுப்ப மாட்டேன் சார். வீட்டோட கெடக்கட்டும் எம்புள்ள."

வகுப்பு

முதல் நாள் கடை ஆட்களையெல்லாம் குடோனில் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் கத்தக் கூடாது. டியூப்லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் ரபீக் திரும்பிப் பார்ப்பான். அல்லது காலால் தரையைத் தட்ட வேண்டும். பலகைத் தரை, அதிர்வு அவன் பாதத்துக்குப் போய்விடும். கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் போனபோது, மூத்த விற்பனையாளர் படியடியில் நின்று ரபீக் பெயரைத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். வகுப்பை நினைவூட்டினேன்.

"லைட்டை அமத்திப் போட மாடி ஏறுனா, வந்த கஸ்டமர் அம்புட்டுப் பேரும் போயிருவாங்கண்ணே."

மூலை

பிறகு ஒரு மத்தியானம் போனேன். எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் ரபீக் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிச் சேலை மடித்துக்கொண்டிருந்தான். கூப்பிடுவதற்காக சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். கை படுமுன் விளக்கு அணைந்து எரிந்தது. மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ரபீக் திரும்பினான், என் பக்கமல்ல. அலமாரிகளுக்கு அப்பால் வெறும் மூலையைப் பார்த்து, 'இதோ வருகிறேன், கொஞ்சம் பொறு' என்று சைகை செய்தான். என் காலடியில் பலகை மெல்ல இருமுறை அதிர்ந்தது. நான் காலை அசைக்கவில்லை.

அவனைத் தொட்டுத் திருப்பி, இந்த வேலை வேண்டாம், வா போகலாம், வேறு இடம் பார்க்கிறேன், உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்று சைகையில் சொன்னேன். மூலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைகளால் நிதானமாகப் பதில் சொன்னான்.

"நான் ஏன் போக வேண்டும்? இந்தக் கடையில் என்னைக் கூப்பிடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்."

அன்று வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவரை நான் கவனிக்காமல் விட்டேன் என்பதைத் தவிர, என் வகுப்பைப் பற்றி எனக்கு இப்போது ஒரு குறையும் இல்லை.