படிக்காமல் போட்ட கையெழுத்து

திங்கட்கிழமை மாலை நானும் அம்மாவும் குளியலறைக் குழாயில் தண்ணீரின் சூட்டை அளந்தோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. நான் வெப்பமானியைப் பிடித்திருந்தேன். அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்திருந்தாள்.

"எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

"இன்னொரு தடவை பாரு."

"இது சோதிச்ச கருவிம்மா. நானே சோதிச்சது."

"அதனாலதாண்டி சொல்றேன்."

இன்னொரு தடவை பார்த்தேன். நாற்பத்தொன்றுதான். அம்மா தேதி, நேரம், எண் மூன்றையும் எழுதி என்னிடம் நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்து மூன்று டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் அந்த நோட்டு ஒரு நாள்கூட விடுபட்டதில்லை. அடுத்த நாள் காலை, கொடியில் படுக்கை விரிப்பு காயப்போடும்போது, மாரடைப்பில் அம்மா போய்விட்டாள். வயது அறுபத்தொன்று.

அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். அளந்து பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரே ஒரு முறை போட்டிருக்கிறேன். அது பின்னால் வரும்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்தக் கறை எதனால் வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். அண்ணனுக்குப் பிறவியிலேயே அறிவு வளர்ச்சியில் குறைபாடு. பேச்சு கிடையாது. சந்தோஷமாக இருந்தால் முனகுவான், இல்லையென்றால் சும்மா இருப்பான். அம்மாவுக்கு அதிகாலை வேலை என்பதால், திங்கள் முதல் வெள்ளி வரை அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டிருந்தோம். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊரில் அரசு அங்கீகாரம் பெற்ற இடம் அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா அவனைக் கூட்டிவரப் போனாள். அண்ணனின் இடது கால் முழங்கால் வரை துணியால் சுற்றப்பட்டிருந்தது. "கொஞ்சம் சூடு பட்டுடுச்சு," என்றார்கள். அம்மா துணியைப் பிரித்துப் பார்த்தாள். தோல் துணியோடு வந்தது.

கொதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் அவன் இடது காலை இறக்கிவிட்டு, பணியாளர் போன் பேசப் போயிருக்கிறார். இதை அங்கே யாரும் தாமாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த ஒருவரின் வலது கை கொப்பளித்திருந்ததைப் பார்த்து, துருவிக் கேட்டு அம்மாவே கண்டுபிடித்தாள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், குடும்பம் என்று யாரும் இல்லை. தினமும் காலையில் ஷூ போட்டு, ஒரு காலிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்காருவார். வருகிறவர் எல்லாரிடமும் "எப்போ கிளம்பணும்?" என்று கேட்பார். அது ஒன்றுதான் அவர் பேசும் பேச்சு. எல்லாரும் அவரைப் பயணி என்றார்கள். குழாயை மூடி அண்ணனைத் தூக்கி வெளியே போட்டது பயணிதான்.

அம்மா அண்ணனின் தினக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருந்தது: "குளித்தார். நன்றாகச் சாப்பிட்டார். மகிழ்ச்சியாக இருந்தார்." பக்கத்தைப் புரட்டினாள். சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே மூன்று வரிகள். அதே மை. சனி, ஞாயிறு அண்ணன் எங்கள் வீட்டில் இருப்பான். அதோடு அந்த நாட்கள் இன்னும் வரவே இல்லை. வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே எழுதி முடித்துவிடுவது அங்கே வழக்கம். ஏழு பக்கத்திலும் நிர்வாகியின் கையெழுத்து இருந்தது.

நிர்வாகி அம்மாவை உட்காரச் சொன்னார். "இவங்களுக்கெல்லாம் வலி அவ்வளவா தெரியாதும்மா. நம்மள மாதிரி கெடையாது. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். இல்லங்களுக்கு அங்கீகாரம் தரும் அரசுத் துறைக்குப் புகார் எழுதினாள். ஒரு அதிகாரி வந்து விசாரித்தார். பயணியிடமும் கேட்டார். பயணி, "எப்போ கிளம்பணும்?" என்றார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிவேட்டின்படி அன்று எந்தச் சம்பவமும் நடக்கவில்லை.

நான் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். அம்மா அந்தக் கடிதத்தை நான்காக மடித்தாள். விரிப்பை மடிப்பது போல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"கோர்ட்டுல அவனுக்கு அபராதம் போடுவாங்க. கட்டிட்டு மறுநாள் திறந்துடுவான். எனக்கு அவன் கடையை மூடணும்."

"எப்படி?"

"அவன் பண்ற வேலைய நாம பண்ணுவோம். ஒழுங்கா."

வீட்டிலேயே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும், அங்கீகாரம் பெற்ற சேவை வழங்குநர் ஆவதற்கான விதிமுறைகளைத் துறையின் அலுவலகத்தில் போய் வாங்கி வந்தாள். எண்பது மணி நேரப் பயிற்சி. முதலுதவிச் சான்று. காவல்துறைச் சான்று. வீட்டு ஆய்வு. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கீகாரம் பெற்ற ஓர் இல்லத்தில் இரண்டு வருஷ நேரடிப் பராமரிப்பு அனுபவம், அந்த இல்லத்தின் நிர்வாகியே கையெழுத்திட்ட சான்றோடு.

ஊரில் இருப்பதே ஒரு இல்லம். அம்மா சலவை வேலையை விட்டாள். அண்ணனின் காலை அவித்த இடத்துக்கே பணியாளராக வேலை கேட்டுப் போனாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் மாலை ஷிப்ட்டுக்கு மாறி, பகலில் அண்ணனோடு இருந்தேன்.

நிர்வாகிக்கு ஆள் பற்றாக்குறை. அம்மா மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பார்வையாளர்கள் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்துவாராம். "இவங்க பையன் இங்கதான் இருந்தான். நம்ம மேல நம்பிக்கை வச்சு அம்மாவே வேலைக்கு வந்துட்டாங்க, பாருங்க."

"நீ என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"சிரிப்பேன். கும்பிடுவேன். உள்ள போய் ஒன்பது பேருக்கும் தண்ணிய ஆத்தி ஊத்துவேன்."

இரண்டு வருஷம் அவள் ஒரு வரியைக்கூட முன்கூட்டி எழுதவில்லை. பார்த்த பிறகுதான் எழுதுவாள். "தண்ணீர் 39. வலது காதில் சோப்பு, துடைத்தேன். மதியச் சாப்பாடு பாதி. சிரிக்கவில்லை." மற்ற பணியாளர்கள் கேலி செய்தார்கள். "அக்கா, நீங்க என்ன கதை எழுதுறீங்களா? 'மகிழ்ச்சியாக இருந்தார்'னு போட்டுட்டு டீ குடிக்க வாங்க." அம்மா டீ குடிக்கப் போவாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். பிற்பாடு துறை கேட்டபோது, அந்த இல்லத்தில் நம்பும்படி இருந்த பதிவுகள் அவள் கையெழுத்தில் இருந்தவை மட்டும்தான்.

இரண்டு வருஷம் முடிந்த வாரம், அந்த வாரக் குறிப்பேடுகளோடு தன் அனுபவச் சான்றையும் கொண்டுபோய் நிர்வாகியின் மேஜையில் வைத்தாள். அவர் காதில் போனோடு வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். நான் வீட்டில் அவளைக் குடைந்தேன்.

"நடுவுல சொருகி வச்சியா?"

"எதுக்கு ஒளிக்கணும்? மேலாப்புல வச்சேன். 'சேவை வழங்குநர் அங்கீகாரத்துக்கான அனுபவச் சான்று'ன்னு பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு. முதல் கையெழுத்தே அதுலதான் போட்டான்."

"படிச்சிருந்தா?"

"படிக்கிறவனா இருந்தா உன் அண்ணன் கால் வெந்திருக்காதே."

அதில் எழுதியிருந்த மணி நேரம் எல்லாம் உண்மை. நான் கூட்டிப் பார்த்தேன்.

முதல் ஆய்வில் தோற்றோம். குளியலறைக் கதவின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஆய்வாளராக வந்த பெண் டேப்பை மடக்கிப் பையில் போட்டார். என் தொழிலில் இரண்டு சென்டிமீட்டர் என்பது மலை. சுவரை உடைத்து, சட்டத்தைத் தள்ளி வைத்தோம். சிமெண்ட் தூசி படிந்த முகத்தோடு அம்மா அண்ணனுக்குச் சோறு ஊட்டினாள். அவன் முனகினான்.

மூன்று மாதம் கழித்து ஆய்வாளர் மறுபடி வந்தார். எல்லாம் பார்த்து முடித்து, பேனாவை மூடும்போது கேட்டார். "இந்த வயசுல எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

"ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குங்க," என்றாள் அம்மா.

அண்ணனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஆய்வாளர் கண் கலங்கினார்.

ஐந்து பேருக்கு அங்கீகாரம் வந்தது. அண்ணனோடு இன்னும் நான்கு பேர். அம்மா கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவில்லை. குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினாள், அதன் கீழே ஒன்பது பேரின் பட்டியலையும்.

அவள் போட்ட கணக்கு இது. இல்லத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர். ஆறுக்குக் கீழே போனால் அந்த அளவு இல்லத்துக்கான அங்கீகாரம் தானாகவே விழுந்துவிடும். நான்கு பேரை அழைத்து வந்தால் மீதி ஐந்து. பக்கத்து ஊர் இல்லம் ஒன்றில் ஐந்து இடம் காலியாக இருப்பதையும், அங்கே குறிப்பேட்டை யார் எப்போது எழுதுகிறார்கள் என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

குடும்பங்கள் வந்து பார்த்தன. அம்மா யாரையும் கெஞ்சவில்லை. தண்ணீர் நோட்டைக் கையில் கொடுப்பாள், அவ்வளவுதான். நான்கு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் வந்த அன்று நிர்வாகி போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என் வீட்டு உப்பத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

"நான் வீட்ல இருந்து டப்பா கட்டிட்டு வந்தேன் சார்."

"யாரு உனக்கு அனுபவச் சான்று குடுத்தது?"

"நீங்கதான் சார். உங்க கையெழுத்துதான். நல்லா தெளிவா இருக்கு."

அம்மா அண்ணனுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன் வைக்கப்பட்ட பிறகும் அவள் கை நிற்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். இப்போதும் அதை நினைத்தால் சந்தோஷம்தான்.

மீதி இருந்தது பயணி. அண்ணனைத் தூக்கிக் காப்பாற்றியவரை முதலில் அழைத்து வந்திருக்கலாம். கேட்டேன்.

"கடைசி ஆள் வெளிய வரும்போதுதான் அந்தக் கதவு மூடும். அது உன் அண்ணனத் தூக்கின அந்தக் கையால மூடணும்," என்றாள் அம்மா.

"அதுக்காக அந்த மனுஷன நாலு மாசம் பெஞ்சுல உட்கார வைக்கலாமா?"

"உட்காரட்டும். நானும் ரெண்டு வருஷம் அங்க கும்பிட்டேன்."

இந்த ஒரு இடத்தில் நான் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. இன்றும் இல்லை.

பயணிக்குக் குடும்பம் இல்லாததால், துறை அதிகாரி முன்னால் அவரே சம்மதம் சொல்ல வேண்டும். "இவங்க வீட்டுக்குப் போறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். "எப்போ கிளம்பணும்?" என்றார் பயணி. அதிகாரி அதைச் சம்மதம் என்று எழுதினார். இந்த முறை அது சரியான பதிவு. விடுவிப்புப் படிவத்தில் நிர்வாகியின் கையெழுத்து மட்டும் மீதி. அவர் மறுக்க முடியாது. ஆனால் நேரில் போய் வாங்க வேண்டும்.

வரும் வியாழக்கிழமை என்று அம்மா பயணியிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவருக்குக் கிழமை தெரியும்.

செவ்வாய்க்கிழமை அம்மா இறந்தாள். புதன்கிழமை எல்லாம் முடிந்தது. வியாழக்கிழமை துறையிலிருந்து போன் வந்தது. பொறுப்பாளர் மாற்றத்தைப் பதிவு செய்யவா என்று கேட்டார்கள். யார் பெயருக்கு என்றேன். என் பெயரைச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் இரண்டாம் பொறுப்பாளர் நான். கையெழுத்தும் என்னுடையது. ஒரு மாலை ஷிப்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கதவில் சாய்ந்து நின்று, அம்மா நீட்டிய தாளில் போட்டேன். படிக்கவில்லை. அவளும் அதை மேலாப்பில்தான் வைத்திருந்தாள்.

பதிவு செய்யுங்கள் என்றேன்.

அன்று பயணியிடம் யாரும் போகவில்லை. எனக்கு நினைவே இல்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருத்தி சனிக்கிழமை துக்கம் கேட்க வந்தபோது சொன்னாள். "காலைல ஆறு மணிக்கே ஷூ போட்டு உக்காந்துட்டார்க்கா. இருட்டுற வரைக்கும் சாப்பிட வரல. நீங்க வருவீங்கன்னு நினைச்சோம்." குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். "வழக்கம்போலத்தான்க்கா," என்றாள். மகிழ்ச்சியாக இருந்தார்.

இன்று புதன். குழாயில் தண்ணீர் நாற்பது டிகிரி. இரண்டு முறை பார்த்து எழுதினேன். பிறகு அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். விடுவிப்புப் படிவம் பிளாஸ்டிக் உறையில், மடிக்காமல் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு. மூன்று வேலைகள் எழுதியிருந்தாள். புதுத் தலையணை உறை, கோடு போட்டு அடித்திருந்தது. அண்ணனுக்குக் கால் களிம்பு, அடித்திருந்தது. மூன்றாவது அடிக்கப்படவில்லை:

"வியாழன். பயணி. கையெழுத்து. போடும் முன் நிர்வாகியைச் சத்தமாகப் படிக்க வைக்கணும்."