ஜெபத்தின் நடுவில் வந்த தூக்கம்

இதைச் சொல்ல எழும்பினாலே இன்றைக்கும் முகம் சுண்டிப்போகிறது. ஆனாலும் சபையாரே, சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

1985. நைஜீரியாவில் மூன்று வருஷம் ஆசிரியராக இருந்துவிட்டு, நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். குளிர்காலம் தொடங்கியதும் என் தூக்கம் தலைகீழானது. ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். பகலில் உட்கார்ந்தால் தலை தொங்கிவிடும். மானேஜர் பேசும்போதே தூங்கினேன். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும் என்றார். வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "என்னங்க, குடிக்கிறீங்களா?" என்று மனைவி எஸ்தர் அழுதாள். ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் போகவும் கூச்சம். என்னவென்று சொல்வது, சோம்பேறி என்றா?

என் ஜெபமெல்லாம் ஒன்றுதான். "ஆண்டவரே, நாலு பேர் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதேயும்."

ஒரு சனிக்கிழமை மாலை, பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் ஒரு வீட்டில் தமிழ் ஜெபக் கூட்டம். முடிவு ஜெபம் செய்ய என்னை அழைத்தார்கள். முழங்கால் போட்டு, "பரலோகப் பிதாவே" என்றேன். அவ்வளவுதான் ஞாபகம். நான் ஆவியில் நிறைந்து மௌனமாகிவிட்டேன் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம். சிலர் "ஸ்தோத்திரம்" என்றுகூடச் சொன்னார்களாம். பிறகு குறட்டை கேட்டதாம்.

கண் விழித்தபோது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பெரியவர்களும்தான். எஸ்தர் நிமிரவே இல்லை. ஐயோ, செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

எங்கள் குழுவில் இருந்த டாக்டர் கிரேஸ் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது.

"தம்பி, இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"நைஜீரியாலக்கா."

"ஆத்தோரத்துல ஈ ஏதாச்சும் கடிச்சுதா?"

"நிறைய. கடிச்சா நெருப்பா எரியும்."

"இது சோம்பேறித்தனம் இல்லப்பா, வியாதி. திங்கக்கிழமையே ஹாஸ்பிட்டலுக்கு வாங்க, ப்ளட் டெஸ்ட் பண்ணணும். எஸ்தர், நீ அழாதம்மா."

இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் கிருமி இருந்தது. செட்சி ஈ பரப்பும் தூக்க வியாதி. இங்குள்ள டாக்டர்கள் புத்தகத்தில் மட்டுமே படித்தது. விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பேன் என்றார்கள். வெளியூரிலிருந்து மருந்து வரவழைத்தார்கள். அது ஏறும்போது நரம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று சிரித்த குடும்பத்தார் எல்லோரும் முறைவைத்து ஜெபித்தார்கள். பிழைத்தேன்.

நான் கேட்டதைக் கர்த்தர் கொடுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கினார், அதனாலேயே என் உயிரைக் காப்பாற்றினார். அவருக்கு எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்? இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. முதுகுவலிக்குக்கூட சபையில் ஜெப விண்ணப்பம் சொல்லி எஸ்தரிடம் திட்டு வாங்குகிறேன்.

எதையோ மூடி வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பவர்களே, அவரை நம்பி வாயைத் திறந்து சொல்லுங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும்.