பல்தீரி முள் போட்ட பாதை

பிரான்ஸ் எல்லைக்குத் தெற்கே உள்ள ஜிரோனாவில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்கள் யாரும் பல்தீரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. முள்ளுக்காரன் என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்குக் கிழக்கே கவாரஸ் மலையின் வடக்குச் சரிவில், தக்கை மரக் காட்டுக்கு நடுவே அவருடைய பண்ணை வீடு இருந்தது. வீட்டுக்குக் கீழே ஒரு சரளைப் பாதை போகிறது. அதில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவு வரைக்கும் முட்புதர்க் கிளைகளை வெட்டிவந்து பரப்பி வைப்பார். யாராவது அகற்றினால் மறுநாள் திரும்பவும் கிடக்கும்.

நான் வெளியூர்க்காரர்களை மண் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போகும் வழிகாட்டி. தார் ரோட்டை விட்டு விலகி, ஓடைக்கரை, காட்டுவழி, திராட்சைத் தோட்டத்து வரப்பு என்று நாள் முழுக்க ஓட்டுவோம். அப்படி ஒரு நாள், டச்சுக்காரர்கள் கூட்டம் ஒன்றை அழைத்துக்கொண்டு அந்த வளைவில் இறங்கினேன். அடுத்தடுத்து டயர்கள் சீறின. எல்லோரும் கீழே இறங்கி விழித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து ஒரு கிழவர் நாயோடு வந்தார். ஒல்லியான, நெட்டை உருவம். பழைய கம்பளிச் சட்டை.

"சக்கரக்காரி, கண்ணு தெரியலையா? முள்ளு இருக்குல்ல?"

"இது பொது வழி பெரியவரே. முள்ளு போட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"போலீஸ்ல போய்ச் சொல்லு. போன மாசம்தான் வந்தாங்க. அவங்க ஜீப்பு டயரும்தான் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் நிலத்து வேலிப்படலைத் திறந்துவிட்டார்.

"இப்படி உள்ளே போங்க. அவரைச் செடிய மிதிச்சாலும் பரவாயில்ல. அந்தத் துண்டுக்கு மட்டும் போகாதீங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்திக்கொண்டே வந்தது. பொதுப் பாதையில் ஒரு சக்கரம் போகக்கூடாது என்று முள் போடுகிறவர், சொந்தத் தோட்டத்தை மிதித்துக்கொண்டு போகச் சொல்கிறார். கிறுக்கு என்று நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அவர் எங்களோடு பேசினார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரே திறந்துவிட்ட வழியில் தோட்டத்துக்குள் புகுந்து போவேன். அவருடைய தங்கை எங்ராசியா எனக்குப் பழக்கமானாள். அண்ணனும் தங்கையும்தான் அந்த வீட்டில். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் குள்ளம், வாயாடி. என்னைக் கண்டால் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, ஒரு துண்டு பன்றிக் குழலிறைச்சியும் வைத்து நீட்டுவாள்.

"சாப்பிடு ரெமெய். எங்கண்ணனுக்கு மனுஷங்களப் பிடிக்காது. சக்கரத்தச் சுத்தமாப் பிடிக்காது. ஒரு காலத்துல கட்டை வண்டி ஓட்டிட்டுத் திரிஞ்சவன்தான். எங்கப்பா செத்த வருஷம் வண்டிய உடைச்சு அடுப்புல வெச்சான். அன்னியிலிருந்து இப்படித்தான்."

"ஏன்னு கேக்கலையா நீங்க?"

"கேட்டா காது கேக்காத மாதிரி நடிப்பான். வீட்டுக்குள்ள உக்காந்துகிட்டு, வெளிய யாரோ நடக்குறாங்கன்னு மட்டும் கேக்கும் அவனுக்கு. சரளையில காலடிச் சத்தம் கேக்குதாம். போய்ப் பாப்பான். யாரும் இருக்க மாட்டாங்க. எங்கப்பனும் இதே மாதிரிதான். பரம்பரை வியாதி."

அவள் சிரித்தாள். உள்ளே ஜன்னலோரம் பல்தீரி பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் நாயின் தலை. காடு அசையாமல் இருந்த அந்தப் பகலில் எனக்கும் ஏனோ திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

ஒரு ஜனவரியில் கடல் பக்கமிருந்து பெரும்புயல் வந்தது. தேர் ஆறு கரையை உடைத்தது. மலைப் பாதைகள் பலவும் அடித்துக்கொண்டு போயின. மழை விட்டதும் எந்த வழி மிச்சம் இருக்கிறது என்று பார்க்க நான் தனியாகக் கிளம்பினேன். மலை முழுக்கப் பனிமூட்டம். தக்கை மரங்களின் பட்டை உரித்த அடிப்பாகம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. பல்தீரியின் வளைவுக்கு வந்தபோது முட்கள் இல்லை, வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பாதையின் பாதி ஓடைக்குள் சரிந்து கிடந்தது.

சரிவின் ஓரத்தில் பல்தீரி சேற்றில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் மேல்கோட்டைக் கழற்றி எதன்மேலோ போர்த்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பெரியவரே, எந்திரிங்க. விழுந்துட்டீங்களா?"

"விழல." கோட்டிலிருந்து கையை எடுக்காமலே, "சைக்கிள அங்கயே வையி. நடந்து வா" என்றார்.

கோட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். மண்ணோடு ஒட்டிய ஒரு துணிக் கந்தல். அதற்குள் எலும்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, மண்டையோட்டின் வளைவு.

"யாரு இது?"

"தெரியாது. பேரு தெரியாது."

பிறகு அவர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கோட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

எண்பது வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரின் கடைசிக் குளிர்காலம். தோற்ற பக்கத்துப் படை பிரான்ஸ் எல்லையை நோக்கி இந்த மலை வழியாகவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பல்தீரி அப்போது பிறக்கவே இல்லை. அவருடைய அப்பா கல்தரிக் புதிதாகக் கல்யாணமானவர். காயம்பட்ட மூன்று வீரர்களைத் தோழர்கள் இந்த வீட்டு வைக்கோல் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள். பேசிய பாஷை இந்த ஊருடையது இல்லை. இரண்டு பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். மூன்றாமவன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். ஜெயித்த படை பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தது. இவர்களை வைத்திருந்தால் வீட்டையே கொளுத்துவார்கள் என்று கல்தரிக் பயந்தார். வயலில் தோண்டினால் புது மண் தெரியும். வண்டிகள் போகிற பாதையில் தோண்டினால் தெரியாது. மூன்று பேரையும் அந்த வளைவில் புதைத்தார். இறுகிய பூமி, ஆழமாகத் தோண்ட முடியவில்லை. மேலே மண்ணைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியவர், படைகள் கடந்துபோகும்வரை வெளியே வரவில்லை. பிறகு ஆட்டு மந்தையை அந்த இடத்தில் நடக்கவிட்டுச் சமப்படுத்தினார்.

"என்னையும் அதுமேலதான் வண்டி ஓட்டச் சொல்லுவாரு. சின்ன வயசுல இருந்து ஓட்டுனேன். அவரு மட்டும் காட்டுக்குள்ள சுத்திக்கிட்டு வருவாரு. ஏன்னு தெரியாது எனக்கு. சாகுறப்பதான் சொன்னாரு."

"மூணு பேரு இருக்காங்கன்னா?"

"அது இல்ல." கோட்டை இன்னும் இழுத்து மூடினார். "மூணாவது ஆளக் குழியில எறக்குறப்ப கை சூடா இருந்துச்சாம். உசுரு இருந்துச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியல. நின்னு பாக்க நேரமில்ல. மண்ணத் தள்ளிட்டாரு. நாப்பது வருஷம் அந்தக் கையோட வாழ்ந்தாரு. போறப்ப எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

பனிமூட்டத்துக்குள் ஓடை இரைந்துகொண்டிருந்தது. என் மேல்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டேன்.

"இத மூடி வெக்க முடியாது பெரியவரே. சொல்லியாகணும்."

"சொல்லு. எனக்கு யாரக் கூப்பிடணும்னு தெரியாது. நீதான் கூப்பிடணும்."

எங்ராசியாவிடம் சொன்னது அவர்தான், அடுப்பங்கரையில் நின்றபடி. அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கையில் இருந்த பீன்ஸ் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் அந்தப் பாதையில கயிறு தாண்டி விளையாடியிருக்கேன்ணே."

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன இந்த வீட்டு நாயா? நாய்கிட்டக்கூடப் பேசுறியே!"

"உனக்காவது அந்தக் காலடி கேக்காம இருக்கட்டும்னுதான்."

"அடப்பாவி" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். நான் வெளியே வந்து நின்றேன்.

வசந்தத்தில், போர்க்காலப் புதைகுழிகளைத் தோண்டுகிற குழு ஒன்று வந்தது. கூடாரம் அடித்து, சிறு கரண்டியும் தூரிகையுமாகப் பல நாள் வேலை செய்தார்கள். பல்தீரி தினமும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடவும் எழ மாட்டார். எங்ராசியா தட்டைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போவாள். மூன்றாமவன் எந்த நிலையில் கிடப்பான் என்பதுதான் அவருக்குப் பயம். கை மேலே தூக்கியிருக்குமா, வாய் திறந்திருக்குமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியில் குழுவின் தலைவி அவர் முன்னால் வந்து குந்தினாள். இளம்பெண். முழங்கால் வரை மண்.

"ஐயா, ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"மூணு."

"ரெண்டு பேரு ஐயா. முழுசா இருக்காங்க. அவங்களுக்கு மேல ஒத்தக் கால் பூட்ஸ் ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள கால் எலும்பு இல்ல. மூணாவது ஆள் இங்க இல்ல."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு."

"பொய்யின்னு சொல்லல. ஓடை இந்த வெள்ளத்துலயோ முன்னாடியோ அரிச்சிருக்கலாம். காட்டுப்பன்னி தோண்டியிருக்கலாம். எங்களால சொல்ல முடியல."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். உடனே கழற்றினார். "இல்லேன்னா எந்திரிச்சுப் போயிருக்கலாம்" என்றார்.

அவள் கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "இல்லேன்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். இரக்கத்தில் சொன்னாளோ, உண்மையாகவே சொன்னாளோ, தெரியவில்லை.

அன்றைக்கு அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். அது தப்பு. அதுவரை மூன்று பேரும் ஒரே இடத்தில் கிடந்தார்கள், அவர் முள் போட்டுக் காத்தார். இப்போது ஒருவன் எங்கே என்றே தெரியவில்லை. கோடை முழுக்க அவர் தூங்கவில்லை என்று எங்ராசியா சொன்னாள். அறுவடை முடிந்த சமயம் ஒரு நாள் நகரத்துக்கே வந்து, கடை வாசலில் சைக்கிள்களுக்கு நடுவே நின்றார். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ரெமெய், உனக்கு மண்பாதையெல்லாம் தெரியும்ல? எங்க வளைவுல இருந்து பிரான்சுக்கு நடக்குறவன், ரோட்டுக்கு வரப் பயப்படுறவன், எப்படிப் போவான்?"

மறுநாள் என் வேனில் அவரை ஏற்றிக்கொண்டேன். காட்டுவழியாக மதிரமான்யா ஊருக்குப் பின்புறம் இறங்கி, ஓடைக்கரையைப் பிடித்து, தேர் ஆற்றுச் சமவெளிக்கு வந்தோம். ரோடு கண்ணில் படாத வழிகளாகப் பார்த்து ஓட்டினேன். சரளை வேனின் வயிற்றில் சடசடவென்று அடித்தது. பாதையோரம் பழைய பண்ணை வீடு தென்பட்டால் நிறுத்தச் சொல்வார். இறங்கிப்போய்க் கதவைத் தட்டுவார்.

"இங்க வயசானவங்க யாராவது இருக்காங்களா? அந்தக் கடைசிக் குளிர்காலத்துல ஒருத்தன் வந்தானா?"

பாதி வீடுகளில் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். நீச்சல்குளத்திலிருந்து ஈரத்தோடு வந்து புரியாமல் சிரித்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் நாயை ஏவினார்கள். "அவங்களும் முள்ளு போடாத வரைக்கும் சரி" என்று நான் கேலி செய்தேன். அன்று முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். முன்பல் ஒன்றும் இல்லை.

ஆற்றங்கரையில், பழைய துறைக்குப் பக்கத்து வீட்டில், ஒரு மூதாட்டி அத்தி மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருந்தாள். பெயர் யூசியா. தொண்ணூறு தாண்டியவள். பல்தீரி அவள் காதருகே குனிந்து கேட்டார்.

"வந்தாங்களே" என்றாள் அவள். "பாலத்த உடைச்சுட்டாங்க. அதனால எல்லாரும் இங்கதான் ஆத்துல எறங்குனாங்க. நான் சின்னப் பொண்ணு. எங்கம்மா சூப்பு வெச்சுக் குடுத்தா."

"கூட்டம் போனப்பறம், தனியா ஒருத்தன் வந்தானா? ஒத்தக் கால்ல பூட்ஸ் போட்டவன்? தலையெல்லாம், வாயெல்லாம் மண்ணா?"

அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மங்கிய கண்கள்.

"ஐயா, எல்லாரும் மண்ணாத்தான் வந்தாங்க."

பல்தீரி தலையாட்டினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் தலையாட்டினார். பிறகு ஆற்றோரம் போய் நின்றார். எதிர்க்கரையில் நாணல் ஆடிக்கொண்டிருந்தது. தூரத்தில் பிரான்ஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன.

"இங்கேருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம்?"

"நல்லா நடக்குறவனுக்கு ரெண்டு நாளு."

"காயம்பட்டவனுக்கு?"

நானும் எதிர்க்கரையைப் பார்த்தேன்.

கிடைத்த இருவரையும் ஊர்க் கல்லறையில் பெயரில்லாமல் அடக்கம் செய்தார்கள். பாதையைச் செப்பனிட்டார்கள். பல்தீரி அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்து இறந்தார். ஆற்றுத் துறைவரை அன்று நாங்கள் போன வழியை இப்போது நான் சைக்கிள்காரர்களுக்குக் காட்டுகிறேன். வழக்கமான வழியைவிட நீளம், கரடுமுரடு. நேர்ப்பாதை இருக்கும்போது ஏன் இப்படிக் காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து போகிறது என்று கேட்பார்கள். சிலரிடம் சொல்வேன். சொன்னபின் சங்கிலிச் சத்தமும் சரளைச் சத்தமும் மட்டும் கேட்கும். துறைக்கு வந்ததும் யாராவது ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி, எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.