பூட்டிய அறையில் ஒழுகிய தொட்டி

எங்கள் கரமனை அக்ரகாரத்து வீட்டுக்கு மீன்தொட்டி வேண்டாம் என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அது போதுமே! தொட்டி ஒழுகியபோதெல்லாம் பழி என் தலையில் விழுந்தது.

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் கண்ணாடியை அறுத்து வாங்கிவந்து, என் கணவரே சிலிகான் வைத்து ஒட்டினார். வினிகர் நாற்றத்தில் வாசல் அறைப் பக்கம் போக முடியவில்லை. காய்ந்ததும் தண்ணீர் நிரப்பினார். மறுநாள் தரையெல்லாம் ஈரம். மீன்கள் வாளிக்குத் திரும்பின.

"துடைக்கறப்போ மூலையிலே அழுத்தினியோ?" என்றார்.

"நான் தொடவே இல்லை, பகவானே!"

"கள்ளம் சொல்லாதே, கேட்டியா."

கள்ளமாம்! கீரைக்காரி சொல்வதை நம்புவார், மீன் விற்கிறவன் சொல்வதை நம்புவார். இத்தனை வருஷம் சோறு போட்டவள் சொன்னால் மட்டும் பொய்.

அடுத்த சனிக்கிழமை பழைய சிலிகானைப் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். மறுபடி ஒழுகியது. அதற்கடுத்த சனியும் அதே கதைதான். நான் பெருக்கப் போனால் அவர் கண்ணும் பின்னாலேயே வரும். ஆபீசிலிருந்து போன் பண்ணி, "வாசல் ரூமுக்குப் போனியோ?" என்பார். துடைப்பம் இடித்திருக்குமோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு நாள் அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். சொந்த வீட்டில் நான் திருடி!

மத்தியானம் கதவுக்கு அடியில் தண்ணீர் ஊர்ந்து கூடத்துக்கு வந்தது. ஈரத்தரையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். துடைக்காமல் அப்படியே விட்டேன். சாயங்காலம் வந்தவர் தண்ணீரைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு வேற சாவி இருக்கா?"

தரைத்துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலையில் நான் அடுக்களையை விட்டு வருவதில்லை. அந்தச் சனி மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கு எண்ணெய்க் குளி நாள். உச்சந்தலையிலிருந்து நல்லெண்ணெய், இடுப்பில் துண்டு. எண்ணெய் ஊறுகிற நேரத்தை வீணாக்காமல் ஏதாவது வேலை பார்ப்பார். அந்தக் கையாலேயே கண்ணாடியைத் துடைத்தார். சிலிகானைப் பிதுக்கி, அதே விரலால் வழித்தார். விளிம்பெல்லாம் பளபளத்தது.

"அட ராமா! எண்ணெய்க் கையோட தொட்டா எப்படி ஒட்டும்? முதல்லே போய்க் குளிச்சுட்டு வாங்கோ!" என்று கத்தினேன்.

நான் கத்திய கத்தலில் போனார். குளித்துவிட்டு வந்ததும் கண்ணாடியையும் அவர் கையாலேயே சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பூசச் சொன்னேன். நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

நன்றாகக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மீன்கள் மேலும் கீழுமாக நீந்தின. ‘உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தியோ? இந்தத் தடவை நீ தொடல்லை. அதான்."