சந்தில் ஒன்றாம் எண்

எங்கள் தெருவில் வீடுகளுக்கு எண் போட்டது 1925-ம் வருஷம். அதற்கு முன்பு ஆள் தேடி நாகர்கோவிலுக்கு வருகிறவர்கள் முருங்கை நிற்கிற வீடு, கம்பவுண்டர் வீடு என்று விசாரித்து வருவார்கள். முருங்கை முறிந்து விழுந்த பிறகும் அது முருங்கை நிற்கிற வீடுதான். நேசபாய் அத்தைக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. ஞானையன் வாத்தியார் வீட்டில் இருக்கிற தங்கச்சி; அவ்வளவுதான். ஞானையன் வாத்தியார் என் அப்பா.

கல்யாணமான மறுவருஷமே அத்தையின் கணவர் வைசூரியில் போய்விட்டார். பிள்ளை இல்லை. தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு அப்பா பின்கட்டில் விறகு போடுகிற அறையை ஒழித்துக் கொடுத்தார். மிஷனுக்கு லேஸ் பின்னி அவளே அரிசி வாங்கினாள். கருவாட்டுக் குழம்பில் உப்பு கூடியதற்காக என் அம்மா தேவகனியோடு ஒருநாள் வாய் முற்றியது; அன்றிலிருந்து அத்தைக்குத் தனி அடுப்பு. ஆனாலும் விடிந்ததும் அம்மா தன் அடுப்பை மூட்டிவிட்டு, தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு கங்கு எடுத்து, பின்கட்டுக்குப் போகிற நடுவாசல் வழியாக நீட்டுவாள். அத்தை வாங்கிக்கொள்வாள். பேச்சு இருக்காது. கங்கு மட்டும் ஒருநாளும் நின்றதில்லை.

எண் போட வந்த நகரசபை ஆள் இசக்கி. ஒரு கையில் தார் மாதிரிக் கறுத்த கீல் டப்பா, இன்னொரு கையில் எண் வெட்டிய தகரத் தகடுகள். எங்கள் முன்சுவரில் பதினாலு போட்டு முடித்தபோது அத்தை வந்து நின்றாள்.

"எனக்க வீட்டுக்கும் ஒரு நம்பரு போடும்."

"உங்களுக்க வீடா? அது எங்க இருக்கு?"

"பின்னால. தனி அடுப்பாக்கும்."

"அடுப்புக்கெல்லாம் நம்பரு போட்டா கீலு தீந்துபோவும் அக்கா. வெளியிலேருந்து ஏற வாசல் வேணும். வாசலுக்குத்தான் நம்பரு."

"பின்சந்துல வாசல் இருந்தா?"

"போடுவேன். இருக்கா?"

"நீரு சந்துக்கு எப்ப வருவீரு?"

"நாளைக்கு மத்தியானம்."

அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தாள். "ஏட்டி நேசம், நாளைக்குள்ள வாசல் முளைச்சிருமா?"

மறுநாள் அப்பா பள்ளிக்கூடம் போனதும் அத்தை கடப்பாரையை எடுத்துத் தன் அறையின் பின்சுவரை இடிக்கத் தொடங்கினாள். காய்ச்சலென்று படுத்திருந்த நான் எழுந்து ஓடினேன்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கூரை விழுந்துரும்!" என்று அம்மா கத்தினாள்.

"விழுந்தா எனக்க தலையிலதான மைனி விழும்."

இசக்கி வந்தபோது சுவரில் ஓர் ஓட்டையும் அதை மறைத்து ஓலைத் தட்டியும் இருந்தன.

"யானை முட்டின மாதிரி இருக்கே அக்கா. இது வாசலா?"

"குனிஞ்சா ஏறலாம். ஏறிப் பாக்கியரா?"

அவன் சந்தின் இரு பக்கமும் பார்த்தான். எல்லா வீடுகளும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. வேறு வாசலே இல்லை. ஒன்று என்று போட்டான். "உங்களுக்குப் பிறகு ரெண்டு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அப்பா சந்தில் நின்று அந்த எண்ணைப் பார்த்தார். திட்டவில்லை. "வாசல் ரெண்டுண்ணா வீடு ரெண்டு. பிறவு நடுவுல வாசல் எதுக்கு?" என்றார். அத்தை பெயர்த்துப்போட்ட செங்கற்களையே சுமந்து வந்து, மண் குழைத்து, நடுவாசலைத் தன் கையாலேயே அடைத்தார். அந்தப் பக்கம் அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். சுவர் அவள் கழுத்துக்கு வந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"அண்ணா, ஒரு கல்லு மட்டும் வைக்காம விடு. சிரட்டை நுழையட்டும்."

அப்பா அந்தக் கல்லையும் வைத்தார். அத்தை தீப்பெட்டி வாங்கிக்கொண்டாள்.

நான் நெய்யூரில் நர்ஸ் படிப்பு முடித்து, கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று போனேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தரிக்க முடியவில்லை. எங்கும் எண் போட்ட அறைகள். எண்ணைச் சொன்னால் ரிக்‌ஷாக்காரர் கொண்டுபோய் விடுவார். உள்ளே யார் இருக்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

1937 ஐப்பசியில் திரும்பி வந்தபோது அப்பா இல்லை. அம்மா முன்னால், அத்தை பின்னால். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு அத்தையிடம் போனேன். ஓலைத் தட்டி இருந்த இடத்தில் பலகைக் கதவு வந்திருந்தது.

"முந்தி ஜனக்கணக்கு எடுக்க வந்த பிள்ள கேட்டுது, இந்த வீட்டுக்குத் தலை ஆருண்ணு. நாந்தாண்ணு சொன்னேன்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"வேற ஆரும் வருவாங்களா அத்தை?"

"ஆரு வர?"

நடுச்சுவரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"எடுத்தா நான் திரும்பவும் பதினாலுக்குப் பின்னால கிடக்கியவளாயிருவேன். வேண்டாம் மக்கா. உனக்க அம்மைக்கு வேணும்ணா இந்த வாசலுக்கு வரட்டும்."

அம்மாவிடம் சொன்னேன். "தெருவைச் சுத்தி அவளுக்க வாசல்ல போய் நிக்கணுமா? நல்ல காரியம்!" என்றாள். ஆனால் காலையில் அத்தை ஊதாங்குழல் ஊதுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்ட பிறகுதான் அம்மா தன் அடுப்பில் உலை வைப்பாள். அதையும் கவனித்தேன்.

அந்த வாரம் மழை விடவில்லை. ஒரு காலையில் எங்கள் தீப்பெட்டி நமுத்துவிட்டது. கடைக்குப் போகக் குடையை எடுத்தேன். அம்மா சிரட்டையை எடுத்தாள், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். குடையோடு நான் பின்னால் ஓடினேன்.

சந்து வாசலில் நின்று, "வீட்டுல ஆரு?" என்று அம்மா கூப்பிட்டாள்.

கதவு திறக்கவில்லை. அந்த வாசலில் அப்படி ஒரு குரலை அத்தை கேட்டதே இல்லை.

"ஏட்டி நேசம், இருக்கியா செத்தியா?"

கதவு திறந்தது. அத்தை சிரட்டையை வாங்கி உள்ளே போய், இரண்டு கங்கு போட்டுக் கொண்டுவந்தாள். அம்மா படி ஏறவில்லை. திரும்பும்போது சுவரைப் பார்த்து, "கீலு மங்கிப்போச்சு. நம்பரா விரிசலாண்ணு தெரியல்ல" என்றாள்.

மறுவாரம் நான் மறுபடியும் புறப்பட்டேன். விடைபெறப் போனபோது சந்துச் சுவரில் ஒன்று என்ற எண் புதுக் கீலில் கறுத்திருந்தது. சாரல் உள்ளே அடித்தும் கதவு திறந்தே கிடந்தது. அம்மா பிறகு வரவில்லை. எங்கள் தீப்பெட்டி காய்ந்துவிட்டிருந்தது.

அத்தையின் அடுப்பில் சாம்பலுக்குள் கங்கு கனிந்துகொண்டிருந்தது. சமையல் எப்போதோ முடிந்திருந்தது.

"மத்தியானத்துல எதுக்கு அத்தை தீ?"

"கெடக்கட்டும் மக்கா. மழைக்காலமில்லியா" என்றாள், வாசலைப் பார்த்துக்கொண்டே.