போனுக்குள் இருந்த தவளை

கொஞ்ச நாளுக்கு முன்னால் அருமனையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி ஜெபின் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். கேட்டைத் திறந்தால்... முற்றத்தில் கையையும் காலையும் பின்னால் ஊன்றி, தொப்பை வானத்தைப் பார்க்க, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டதா, தூக்கிவிட ஆள் வேண்டுமா என்று அக்கறையாக விசாரித்தார்.

"நண்டு" என்றான் தம்பி, மூச்சு வாங்க.

எல்லாம் மகள் நியாவுக்காக. எல்.கே.ஜி. படிக்கிறாள். லீவுக்கு ஆக்டிவிட்டி என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் – தவளைபோல் குதி, கரடிபோல் நட, நண்டுபோல் நகர். அப்பா அம்மாவோடு சேர்ந்து செய்ய வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் படித்த காலத்தில் லீவு என்றால் லீவுதான். இப்போது பிள்ளைக்கு லீவு விட்டால் பெற்றோருக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது!

அப்பா தயார். பிள்ளை எங்கே?

அம்மா ஷைனியின் நைட்டிக்குப் பின்னால் இருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது.

போன தடவை ஜெபின் வந்து போனபோது நியாவுக்கு நடக்கவே சரியாக வராது. அதற்கப்புறம் அவளுக்கு அப்பா என்றால் வீடியோ கால்தான். தினமும் சாயங்கால ஜெபம் முடிந்ததும் போன் வரும். அவன் ஒரு மிருகம் மாதிரி கத்துவான். இவள் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். மாடு, பூனை, சேவல் எல்லாம் உண்டு. ஆனால் அவளுக்குத் தவளைதான் பிரியம். கன்னத்தை உப்பவைத்து, முழியைப் பிதுக்கி, கேமரா பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து அவன் ஒரு 'கொர்ர்' போட்டால் இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு அப்பா ஒரு சாண் உயரம்தான், யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒரு சாண் அப்பா திடீரென்று ஆறடியில் வந்து நின்றால்? வந்த அன்றே ஆசையாகத் தவளை முகம் காட்டியிருக்கிறான். வீறிட்டு அழுதுவிட்டாள். பெட்டியிலிருந்து பென்குவின், ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் எடுத்துப் பரப்பினான். பொம்மைகள் அவளிடம் போய்விட்டன. அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

இதைவிடக் கொடுமை ஒன்று, நான் போன அன்றைக்கு நடந்தது. சாயங்காலம் ஜெபம் முடிந்தது. நியா போனை எடுத்துக்கொண்டு ஷைனியிடம் போய், "அப்பாவ விளிம்மா" என்றாள். எதிர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான் அப்பா.

"தெனமும் இதுதான் எக்கா" என்றான் தம்பி. "நான் ஆருக்க கூட போட்டி போடட்டு? போனுக்குள்ள இருக்க எனக்க கூடயா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் லீவில் பாதி போய்விட்டது. பிள்ளை இன்னும் ஒரு தடவைகூட அவன் மடியில் உட்காரவில்லை.

என்ன தோன்றியதோ, தன் போனை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாசல் வழியே இறங்கிப் போனான். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை, மெஷின் புரை இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஷைனியின் போன் அடித்தது. திரையில் தவளை!

நியாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அவளும் கன்னத்தை உப்பவைத்தாள். குதி என்றது போன், குதித்தாள். இன்னும் உயரமாக என்றது, குதித்தாள். இத்தனை நாள் முற்றத்தில் இல்லாத ஆக்டிவிட்டி எல்லாம் ஹாலில் நடந்தது. நானும் ஷைனியும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான், கோழியைக் காட்டித் தருகிறேன் என்று போனிடம் சொல்லிவிட்டு அவள் பின்வாசலுக்கு நடந்தாள்.

ஷைனி என் கையைப் பிடித்தாள். கோழி அடை இருப்பது அதே மெஷின் புரையில்! அதற்கு ஒரே ஒரு வாசல். தம்பி எங்கே ஓடுவான்?

பின்னாலேயே போனோம். நியா உள்ளே நுழைந்தாள். கையில் சின்னத் தவளை. ரோலருக்குப் பக்கத்தில், குத்தவைத்தபடி பெரிய தவளை. போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்தான். கூடைக்குள் இருந்த கோழி சிறகை விரித்துச் சீறியது.

"கிட்ட வராத" என்றாள் நியா. ஷைனி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை அப்படியே சொன்னாள்: "சும்மா இரி. கோழிக்குப் பேடியாவும்."

இரு என்றதும் இருந்துவிட்டான். அசையவில்லை. நண்டு, கரடி என்று அத்தனை பாடுபட்டவனுக்கு, பயந்த ஜீவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க யாரும் அதுவரை சொல்லித் தரவில்லை, பாவம்.

நியா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கோழி அடங்கியது. அவள் ஒரு நகர்வு நகர்ந்தாள். அப்புறம் இன்னொன்று. கடைசியில் போனைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேராக வந்து கன்னத்தை உப்பவைத்துக் காட்டினாள். அவனும் உப்பவைத்தான். கண்ணில் தண்ணீர் நிற்கிற தவளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிச்ச லீவு முழுக்க முற்றத்தில் இரண்டு தவளைகள். டீச்சருக்குப் போன போட்டோவில் பெரிய தவளையின் முதுகில் சின்னத் தவளை சவாரி போகிறது. அப்படி ஒரு ஆக்டிவிட்டி பட்டியலிலேயே கிடையாது. இருந்தாலும் டீச்சர் ஸ்டார் அனுப்பியிருந்தார்.

போன வாரம் ஜெபின் கிளம்பிவிட்டான். மறுநாள் நான் அங்கேதான் இருந்தேன். ஜெபம் முடிந்தது, போன் வந்தது. நியா அதை வாங்கினாள். திரையைப் பார்க்கவே இல்லை; நேரே மெஷின் புரைக்கு ஓடினாள். ரோலருக்குப் பின்னால் பார்த்தாள். கொடியில் தொங்கிய ஷீட்டுகளை விலக்கிப் பார்த்தாள். கோழியும் குஞ்சுகளும் இறங்கிப்போன வெறும் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம்தான் போனைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இண்ணைக்கு எங்க ஒளிச்சிருக்க?"

"கண்டுபிடி மக்கா" என்றான் தம்பி, மஸ்கட்டிலிருந்து.

அதற்கு மேல் அவனுக்குத் தவளைக் குரல்தான் வந்தது.