மாதையனின் பேசும் பென்டிரைவ்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு வயரை மாற்றினால் மறுபேச்சில்லாமல் காசு கிடைக்கும், கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்தால் “இதுக்கா காசு?” என்று கேட்பார்கள். என்னைப் போலவே அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன சக பாவப்பட்ட ஜீவன்களே, இண்டூரில் கடை வைத்திருக்கும் பிலோமினா எழுதுகிறேன். புலம்பப்போவதில்லை, பீற்றிக்கொள்ளப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை மேஜை

மாதையன் எங்கள் ஊர்க்காரர். பார்வை கிடையாது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, கம்பைநல்லூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த சூப்பிரண்டு, “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்று கரிசனமாகச் சொல்லி, தபாலுக்கு முத்திரை குத்தும் மேஜையில் அவரை உட்காரவைத்துவிட்டார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருந்தால் மாதையன் மற்றவர்களைப் போலவே கடிதம் அடிப்பார். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் எதை இன்ஸ்டால் செய்யவும் பாஸ்வேர்டு வேண்டும். அது மேலிடத்தில் இருக்கிறது. மேலிடம் பதில் போட்டால்தானே?

“பாஸ்வேர்டே வேணாங்க. எல்லாத்தையும் பென்டிரைவுலயே வெச்சித் தர்றேன். சொருகினா ஓடும், உருவினா கூடவே வந்துடும்” என்றேன். போர்ட்டபிள் மென்பொருள் என்றால் அவ்வளவுதான். இன்ஸ்டால் என்ற பேச்சே கிடையாது. மாதையன் பென்டிரைவை வாங்க உடனே காசை நீட்டினார்.

“நல்லதா ஒண்ணு போடுங்கக்கா. முத்திர குத்தறதுக்கு நான் ஹையர் பாஸ் பண்ணலீங்க.”

கடுகு வெடிக்கும் வேகம்

வாசிக்கும் மென்பொருள், கடிதம் அடிக்க ஒன்று, தமிழ் எழுத்துகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். காப்பி செய்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு கம்ப்யூட்டர் பென்டிரைவுக்கு E என்று அடையாள எழுத்து கொடுக்கும், அடுத்தது F என்று கொடுக்கும். எங்கே சொருகினாலும், மவுஸைத் தொடாமல், சில விசைகளைத் தட்டியதும் அது எழுந்து பேச வேண்டும். மானிட்டரை அணைத்துவிட்டு நானே சோதித்துப் பார்த்தேன். சரியாக வந்தபோது கடையில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

குரல்தான் சளி பிடித்தவன் பேசுவதுபோல இருந்தது. மாதையனுக்கு அது பிரச்சினையே இல்லை. வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இன்னும் என்றார். கடைசியில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இப்பதாங்கக்கா சரியா இருக்குது. மொதல்ல தூங்கிக்கினே பேசிக்கினு இருந்துச்சி.”

டிராக்டரில் பாடவில்லை

மாதையன் கெஞ்சிக் கேட்டதில், ஒரே ஒருமுறை செய்துகாட்ட சூப்பிரண்டு சம்மதித்தார். அதற்கு முந்தின நாள் மாதையனின் மச்சினன் முருகேசன் டிராக்டரை என் கடை வாசலில் நிறுத்தினார். கையில் நான் போட்டுக்கொடுத்த அதே பென்டிரைவ். பாட்டு ஏற்ற வேண்டுமாம். செருகிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

நல்லவேளை, நான் தயாரிக்கும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் கடை கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருப்பேன். திரும்ப ஏற்றி, மறுபடி மானிட்டரை அணைத்துச் சோதித்துவிட்டு, முருகேசனுக்குத் தனியாக ஒரு பென்டிரைவில் பாட்டு போட்டுக் கொடுத்தேன். திட்ட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“மாமன நல்லா ஏமாத்திட்டீங்க மேடம், ஒரு பாட்டுகூட இல்ல! அதான் குப்பைன்னு தொடச்சிட்டன்.”

சூப்பிரண்டின் கோழிகள்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினேன். என் கைவேலையை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரிலேயே வைக்கலாம் என்றதும் நான்தான். “என் கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டுங்க” என்று சூப்பிரண்டு எழுந்து இடம் கொடுத்தார். மாதையன் பென்டிரைவைச் செருகி, விசைகளைத் தட்டினார். திரையில் ஏற்கெனவே என்ன திறந்திருந்ததோ, அதைக் குரல் ஊருக்கே கேட்கும்படி வாசித்தது: “கருங்கோழிக் குஞ்சு வளர்ப்பு. வீட்டிலிருந்தே கை நிறைய வருமானம். இப்போதே ஆர்டர் செய்யுங்கள்.”

ஹால் முழுக்க சிரிப்பு. சூப்பிரண்டின் முகம் போன போக்கைப் பார்த்து, மாதையனுக்கு இனி முத்திரை மேஜைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மாதையன் சிரிக்கவில்லை. சட்டென்று அந்தப் பக்கத்தை மூடி, வெற்றுத்தாள் ஒன்றைத் திறந்து, “லெட்டர் சொல்லுங்க சார்” என்றார். சூப்பிரண்டு சொல்லச் சொல்ல விரல்கள் ஓடின. அடித்ததைக் குரல் திரும்ப வாசிக்க, மாதையன் ஓர் இடத்தைத் திருத்தினார். பிரிண்ட் வந்தது. சூப்பிரண்டு அதை முழுக்கப் படித்தார், மறுபடியும் படித்தார், கையெழுத்துப் போட்டார். என் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை.

“நாளையிலருந்து இந்த வேலையப் பாருங்க மாதையன். ஆனா தயவுசெஞ்சி காதுல எதையாச்சும் மாட்டிக்கினு பாருங்க.”

நாம் செய்த வேலை நன்றாக இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் என்பதுதான் நம் தொழிலின் சாபம் தோழர்களே. மாதையன் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை எல்லோரிடமும் நானே வலியப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.